நிறைகுடம் வருது, வழி விடுங்க

இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே அவர் அறைக்குள் வருகிறார். பத்து, பதினைந்து, இருபது தடவை. பிறகு கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். சூடு போதவில்லையென்றால் மறுபடியும் உரசல். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தை, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல வாயைப் பிளந்து பார்க்கும். அழுதே தீருவது என்று முடிவெடுத்து வந்த குழந்தைகூட அழுகையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். "சில்லுன்னு தொட்டா யாருக்குங்க புடிக்கும்? மொதல்ல கையும் கையும் சிநேகமாகணும். ஊசியெல்லாம் அப்புறம்" என்பார்.

கை சூடானதும் மேசைக்கு வருவார். மேசைமேல் மஞ்சள் உறை போட்ட சின்னத் தலையணை ஒன்று இருக்கிறது. அதன்மேல் தன்னுடைய இடது கையை, உள்ளங்கை மேலே பார்க்க, நீட்டி வைப்பார். வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். வா என்று கூப்பிடுவதில்லை, மிட்டாய் காட்டுவதில்லை, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று பொய் சொல்வதில்லை. குழந்தை தானாகவே தன் கையைத் தூக்கி அவர் கைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், அதுவரை காத்திருப்பார். சில குழந்தைகளுக்கு அரை நிமிடம் போதும். ஒரு பையன் நாற்காலியிலிருந்து இறங்கி, மேசைக்கு அடியில் புகுந்து, அங்கேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினான். அதுவரை அவருடைய கை தலையணைமேல்தான் இருந்தது. மரத்துப்போன கையை உதறிக்கொண்டே, "புடிச்சு இழுத்து எடுத்தா அது வெறும் ரத்தம். அவங்களா குடுத்தாத்தான் சாம்பிள்" என்றார். வெளியே காத்துக் கிடந்தவர்கள் அன்றைக்கு அவரை என்னென்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை அச்சில் போட முடியாது.

வயது ஐம்பத்து மூன்று. குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம். குள்ளமான, சற்றே பருத்த உருவம். கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. மற்ற விஷயங்களில் சிக்கனக்காரர். செருப்பு வாங்கும்போது மட்டும் மகாராணி ஆகிவிடுவார். கடைக்குள்ளேயே ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு, புதுச் செருப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். ஒரு சொட்டுச் சிந்தினாலும் அந்தச் செருப்பு வேண்டாம். இப்போதெல்லாம் கடைக்காரர் அவரைக் கண்டால் செருப்பை எடுப்பதற்கு முன்னால் தம்ளரை எடுத்து வைக்கிறார்.

மருத்துவமனையில் அவருக்கு நிறைகுடம் என்று பெயர். நிறைகுடம் தளும்பாது என்று படித்தவர்களைச் சொல்வார்கள். இவருக்கு அந்தப் பெயர் வந்தது படிப்பால் அல்ல, நடையால். ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நீண்ட தாழ்வாரம் ஒன்றைக் கடக்க வேண்டும். மூடிய கைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்துக்கொண்டு அவர் அதில் போகும்போது, படுக்கை தள்ளுகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை சுவரோரம் ஒதுங்குவார்கள். "நிறைகுடம் வருது, வழி விடுங்க!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். சிரித்தால் தோள் குலுங்கும். குழாயைச் சேர்க்கிற இடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான் அந்தச் சிரிப்பைச் சிரிப்பார். அதற்குள் கேலி செய்தவர் தான் செய்த கேலியை மறந்திருப்பார். "நிறைகுடமா? நான் அரைக்குடம்ப்பா. தளும்பிடுமோன்னு பயந்துதான் இப்படி நடக்கறேன்."

அப்படி என்னதான் சுமக்கிறார்? காய்ச்சல் வந்தால் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்று எல்லோரும் கேட்கிறோமே, அந்தத் தட்டணுக்களைத்தான். அடிபட்ட இடத்துக்கு ஓடிப்போய் ரத்தத்தை உறையவைப்பவை அவை. அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குடல் தயாரிக்கிற செரட்டோனின் என்ற பொருளை வாரி எடுத்து, தமக்குள் இருக்கும் குட்டிப் பைகளில் பத்திரப்படுத்திக்கொண்டு உடம்பெல்லாம் சுற்றுகின்றன. அதே பொருள் மூளையிலும் இருக்கிறது. தூக்கம், பசி, மனநிலை எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள், அதாவது ஒரு குரோமோசோம் கூடுதலாக வைத்துக்கொண்டு பிறந்தவர்கள், அவர்களுடைய தட்டணுக்களில் செரட்டோனின் குறைவாக இருக்கிறது என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். எடுத்துக்கொள்வதிலேயே குறைவா, எடுத்ததை வைத்துக்கொள்ள முடியவில்லையா? ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டு அழும் கேள்வி இதுதான். குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் செரட்டோனினை உள்ளே விடும் கதவு மட்டும், தட்டணுவிலும் மூளையிலும் ஒரே தச்சர் செய்த மாதிரி இருக்கிறதாம். அதனால் ரத்தத்தைக் கேட்கிறார்கள்.

பெற்றவர்களுக்கு நிறைகுடம் இதைத் தன் பாணியில் சொல்வார். "தட்டு ஒவ்வொண்ணும் ஒரு பையைத் தூக்கிட்டுத் திரியுது. பையில எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும், அவ்வளவுதான். ஆனா சரியான பயந்தாங்கொள்ளிங்க. குளிர்ல வெச்சா சுருண்டுக்கும். குலுக்குனா பையைக் கீழ போட்டுரும். அதான் பூ மாதிரி கொண்டுபோறேன்." இந்தக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஒரு தடவை எப்படியும் ரத்தப் பரிசோதனை உண்டு. அதே ஊசியில், பெற்றவர்கள் சம்மதித்தால், இன்னும் ஒரு சின்னக் குழாய். ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு குத்து கிடையாது.

தாழ்வாரத்தின் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள். காலை வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கும். ஒரு கட்டத்தில் கால் வைத்தால் வெளிச்சம், அடுத்ததில் நிழல். லிஃப்டில் அவர் ஏறமாட்டார். ஒவ்வொரு மாடியிலும் அது ஒரு தூக்கு தூக்கிப் போடும். ஒரு மாடிதான், படிக்கட்டு போதும். அந்த நடையில் ஏழெட்டு நிமிடங்கள் அவர் இந்த உலகத்தில் இருப்பதில்லை. தான் நடப்பதாகவே தோன்றாது. கைக்குள் வெதுவெதுப்பாக இருக்கிற குழாய்தான் போய்க்கொண்டிருக்கிறது, தான் அதன் பின்னால் மிதந்து போகிறோம் என்று இருக்கும். லட்சம் லட்சமாகக் குட்டித் தட்டுகள், ஆளுக்கொரு பையை அணைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தைகளைப்போலத் தன் உள்ளங்கைக்குள் கிடப்பதாக நினைத்துக்கொள்வார். யாராவது கூப்பிட்டால் காதில் விழாது. தீப்பிடித்தால் அடிக்கிற மணியை ஒருமுறை ஒத்திகைக்காக அடித்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஓடினார்கள். அவர் அதே நடையில் போனார்.

வீட்டிலும் இதே கதைதான். டீயை ஊற்றினால் தம்ளருக்குள் சத்தம் வராது. கதவைச் சாத்தினால் சாத்தியது தெரியாது. கணவர் தபால்காரர், காலில் சக்கரம் கட்டியவர். "கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடந்தோம். அப்புறம் அவர் முன்னாடி போயிடுவார். நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள டீ போட்டு, குடிச்சு, ஆறிப்போச்சுன்னு எனக்கு மறுபடி சூடும் பண்ணிடுவார்." ஆமைக்கும் முயலுக்கும் கல்யாணம் செய்துவைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று நிறைகுடத்தைக் கேட்க வேண்டும். டீ கிடைக்கிறவர்தான் ஜெயித்தவர் என்பார்.

ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தைச் சுழற்றுகிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. மெதுவாகச் சுழலவிட்டு, அதுவாக நிற்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். நின்றதும் சிவப்பு கீழே இறங்கியிருக்கும். மேலே மஞ்சளாக, லேசாகக் கலங்கிய நீர். தட்டணுக்கள் அதில்தான் நீந்துகின்றன. அதை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மிக மெதுவாகச் சாய்ப்பார். அந்த மஞ்சளுக்குள் ஏதோ ஒன்று தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோலத் திரும்பும். பட்டுத் துணியை மடிக்கும்போது ஓர் ஒளி ஓடி மறையுமே, அந்த ஒளி. பயப்படாத தட்டணுக்கள் தட்டையாக இருக்கும். எல்லாம் சேர்ந்து திரும்பும்போது வெளிச்சம் மின்னும். பயந்துவிட்டால் உருண்டுபோய்விடும், மின்னாது. ஜன்னலில் பார்த்துவிட்டு, தன் சொந்த நோட்டில் அந்தக் குழந்தையின் எண்ணுக்கு எதிரே ஒரு சொல் எழுதுவார்: பட்டு. அவ்வளவுதான். அதன் பிறகு குழாய் டாக்டரம்மாவின் இயந்திரங்களுக்குப் போகும். அவர்களுக்கு எண் வேண்டும். நிறைகுடத்துக்கு இது போதும். முப்பத்தோரு குழந்தைகள், முப்பத்தோரு பட்டு.

ஆனால் எந்த நோட்டிலும் எழுதாத ஒரு வழக்கமும் அவரிடம் இருந்தது. ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சை ஒட்டிய பிறகு, அந்தக் குழாயைக் குழந்தையின் கையில் வைப்பார். "இது உன்னோடது. புடிச்சுப் பாரு, எவ்ளோ சூடா இருக்கு!" மூன்று எண்ணுகிற நேரம்தான். குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொண்டு, புதிதாகப் பிறந்த நாய்க்குட்டியைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள். பிறகு திருப்பி வாங்கிக்கொள்வார். ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். "ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு பொருளை வாங்கறோம். என்ன வாங்கினோம்னு காட்டக்கூட மாட்டோம்னா அது என்ன நியாயம்?"

முப்பத்திரண்டாவதாக வந்தவள் கிளி.

ஏழு வயது. நீலக் கவுன், நெற்றியில் வெட்டிவிட்ட முடி, யாரைப் பார்த்தாலும் சற்று நேரம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டுப் பிறகு சிரிக்கிற வழக்கம். கூட வந்த அப்பா பஸ் ஓட்டுகிறவர். நிறைகுடத்தின் நடையைத் தாழ்வாரத்தில் பார்த்துவிட்டு, "என் வண்டியில நெறைமாசமா யாராவது ஏறினா நானும் இப்படித்தாங்க ஓட்டுவேன்" என்று முதல் பேச்சிலேயே சிநேகமாகிவிட்டார். "இவளுக்கு வீட்டுல கிளின்னு பேரு. பேச்சுக்காக இல்ல. எதைப் பார்த்தாலும் அப்படியே செஞ்சு காட்டிருவா. நாங்க ரெண்டு பேரும் சண்டை போடறதையே விட்டுட்டோம். மறுநாள் பக்கத்து வீட்டுல போய் எங்களை நடிச்சுக் காட்டிட்டு வந்துடறா!"

சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவர் முகம் மாறியது. "இவகிட்ட என்ன குறைன்னு பார்க்கறதுக்குங்களா?" என்றார். நிறைகுடம் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்: "எங்க புள்ளைக்குக் குறைச்சல் எதுவும் இல்லீங்க. ஒண்ணு கூடுதல். அவ்வளவுதான்."

கிளி கையை நீட்டுவதற்கு யோசிக்கவே இல்லை. அவர் உள்ளங்கை தலையணையில் பட்டதும் அவளுடைய குட்டிக் கை பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. ஊசி இறங்கியபோது ஒரு தடவை 'ம்' என்றாள். வழக்கமான பரிசோதனைக்குரிய குழாய்கள் முதலில் நிறைந்து மேசைமேலிருந்த தட்டுக்குப் போயின. கடைசியாக ஆராய்ச்சிக் குழாய். பஞ்சு ஒட்டியாயிற்று. "இது உன்னோடது" என்று நிறைகுடம் அதை அவள் கையில் வைத்தார்.

கிளி குழாயைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக, குழாயை இறுக்கிப் பிடித்து, மேலும் கீழுமாகப் படபடவென்று குலுக்கினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

"ஆட்டாதே!"

அந்தக் கத்தல் தன்னுடையது என்று நிறைகுடத்துக்கே உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் அவர் குரல் அந்த அளவுக்கு உயர்ந்ததில்லை. கிளியின் விரல்கள் விரிந்தன. குழாய் மடியில் விழுந்து, தரையில் உருண்டு, சுவரில் முட்டி நின்றது. அவள் அழவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அப்பா பதறிப்போனார். "ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. தினம் காலையில சத்து மருந்து குடுப்போம். 'நல்லாக் குலுக்கணும், அப்பத்தான் வேலை செய்யும்'னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப பாட்டிலைக் குலுக்கறது அவ வேலை. பத்து வரைக்கும் எண்ணுவா. அதான்..."

நல்ல பிள்ளையாகத் தன் வேலையைச் செய்திருக்கிறாள். அதுவும் உதவியாக. நிறைகுடத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குனிந்து, "கிளி, இங்க பாரு கண்ணு" என்று கையை நீட்டினார். கிளி அந்தக் கையைப் பார்க்கவில்லை; பின்னால் கட்டிய கையோடே நாற்காலியிலிருந்து இறங்கி, கதவை நோக்கி நடந்தாள்.

அன்றைக்கும் நிறைகுடம் அதே நடைதான் நடந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவருக்கே தெரிந்தது. இருந்தாலும் கால்களுக்கு வேறு நடை தெரியாது. சுழற்றினார். மஞ்சளை மாற்றினார். ஜன்னலில் பிடித்துச் சாய்த்தார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். மஞ்சள் நீர் வெறும் மஞ்சள் நீராக இருந்தது. உள்ளே எதுவும் புரண்டு படுக்கவில்லை.

நோட்டைத் திறந்து முப்பத்திரண்டு என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

அவருடைய சங்கடம் இதுதான். இந்தக் குழாயைப் பேசாமல் இயந்திரத்துக்கு அனுப்பினால் ஒரு எண் வரும். குறைவான எண். பயந்த தட்டணுக்கள் பையைப் போட்டுவிட்டனவே, குறைவாகத்தானே வரும். டாக்டரம்மா எதிர்பார்ப்பதும் குறைவான எண்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, மற்ற முப்பத்தொன்றோடு அழகாகப் போய் உட்கார்ந்துவிடும். ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். உண்மையைச் சொன்னாலோ, குழந்தைகள் கையில் குழாய் கொடுக்கிற வழக்கத்தையும் சொல்ல வேண்டும். முப்பத்தொன்றும் சந்தேகத்துக்கு ஆளாகும். இரண்டு வருட உழைப்பைக் குப்பையில் கொட்டச் சொன்னாலும் சொல்வார்கள். தன்னை இந்த மேசையிலிருந்து தூக்கினாலும் தூக்குவார்கள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, கிளி ஒருத்தியைத் தவிர. வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அவளைப் பற்றி ஒரு தாள் சொல்லும். கீழே போட வைத்தது யார் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

வெயில் கட்டம் தரையிலிருந்து மேசைக்காலில் ஏறி, மேசைமேல் வந்து, நோட்டின் ஓரத்தைத் தொட்டது. அதுவரை அவர் அசையவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பதுபோல, பையைத் தொலைத்த லட்சம் தட்டுகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் முன்னால் வரிசையாக நிற்பது தெரிந்தது. பிறகு எழுதினார்: 'பட்டு இல்லை. குலுங்கிவிட்டது. தவறு என்னுடையது.'

டாக்டரம்மாவுக்குப் பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம் உண்டு. கேட்டு முடிப்பதற்குள் மூடி வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"எத்தனை குழந்தைங்க கையில இப்படிக் குடுத்தீங்க?"

"எல்லார் கையிலயும், டாக்டர்."

"அக்கா! என்னக்கா இது, தலையில கல்லைப் போடறீங்க?"

அவர் நோட்டை நீட்டினார். டாக்டரம்மா புரட்டினார். பட்டு. பட்டு. பட்டு. "என்ன இது, துணிக்கடை நோட்டா?" என்றார் எரிச்சலாக. நிறைகுடம் ஜன்னலைக் காட்டி, இயந்திரம் எண் சொல்வதற்கு முன்னாலேயே தான் ஒவ்வொன்றையும் பார்த்த விதத்தைச் சொன்னார். டாக்டரம்மா கிளியின் குழாயை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். அன்று காலை வேறொரு வேலைக்காக எடுத்த குழாய் ஒன்று மேசையில் இருந்தது, அதையும் சாய்த்தார். அதில் அந்த ஒளி ஓடியது. இன்னொரு தடவை சாய்த்தார். வேலைக்காக அல்ல என்று பார்த்தாலே தெரிந்தது. "படிக்கிற காலத்துல பார்த்தது. இதுக்கெல்லாம் எங்க நேரம் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மின்னிய முப்பத்தொன்றும் நிற்கும், மின்னாத முப்பத்திரண்டு வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று. கூடவே இன்னொன்றும். "இனிமே எந்தக் குழந்தை கையிலயும் குழாயைக் குடுக்கக் கூடாது, அக்கா."

"சரிங்க, டாக்டர்." நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணை இன்னொரு தடவை கூப்பிட முடியுமா? அந்த வயசுல நமக்கு ஆளே இல்ல. தனியா ஒரு குத்துதான். ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற குழுகிட்ட நான் கேட்டு வாங்கறேன்."

"கூப்பிட்டுப் பார்க்கலாம். ஆனா அவளா நீட்டினாத்தான். இல்லேன்னா விட்டுடணும்." கொஞ்சம் நிறுத்தி, "நான் அவகிட்ட கத்திட்டேன், டாக்டர்" என்றார். சாம்பிள் கெட்ட கதையை நிமிர்ந்து நின்று சொன்னவருக்கு, இதைச் சொல்லும்போது குரல் உடைந்துபோயிற்று.

மூன்று வாரம் ஆயிற்று. தட்டணுக்களுக்குப் பத்து நாளைக்கு மேல் ஆயுள் கிடையாது. ஒரு சாயங்காலம் டீ குடிக்கும்போது அவர் கணவரிடம் சொன்னார்: "அன்னைக்குப் பயந்த கூட்டம் எல்லாம் இந்நேரம் போயிருக்கும். இப்ப அவ உடம்புல இருக்கறதெல்லாம் புதுசு. அதுங்களுக்கு என்னைத் தெரியாது."

"தட்டுக்குத் தெரியாது. புள்ளைக்குத் தெரியுமே" என்றார் தபால்காரர்.

சொன்ன நாளில் அப்பாவும் மகளும் வந்தார்கள். "வரமாட்டேன்னு சொல்லலீங்க. ஆனா இங்கதான் வரோம்னு தெரிஞ்சதும் கை பின்னாடி போயிடுச்சு. பஸ்ஸுலயும் அப்படியேதான் உக்காந்து வந்தா" என்று அப்பா மெல்லச் சொன்னார். "அவ குடுத்தா எடுங்க. இல்லேன்னா பார்த்துட்டுப் போறோம்."

கிளி நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே நீலக் கவுன். கைகள் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில். நிறைகுடம் உள்ளங்கைகளை உரசினார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார், மறுபடி உரசினார். இடது கையைத் தலையணைமேல் வைத்தார். கிளி கண்கொட்டாமல் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

பத்து நிமிடம் போயிற்று. அரை மணி போயிற்று. வெளியே யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்காக வெட்கப்பட்டு, சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்க்கத் தொடங்கினார். வெயில் கட்டம் தலையணையின் மஞ்சள் மேல் ஏறி, நிறைகுடத்தின் மணிக்கட்டு வரை வந்தது.

"கிளி, நீ குலுக்கினது தப்பே இல்ல, கண்ணு. அது உன் வேலை. நான் கத்தினதுதான் தப்பு" என்றார்.

கிளியின் பார்வை மேசையில் இருந்த தட்டின் மேல் போயிற்று. ரப்பர் பட்டை, பஞ்சு, இரண்டு சிறகு வைத்த சின்ன ஊசி, பக்கத்தில் அந்தக் குழாய். நிறைகுடம் அந்தப் பார்வையைப் பார்த்தார். எழுந்து, தட்டை எடுத்துப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். சாத்திய சத்தம் கேட்கவில்லை. முப்பத்திரண்டு இனி வராது. டாக்டரம்மாவுக்கு என்ன சொல்வது என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். திரும்பி வந்து உட்கார்ந்தார். ஊசிக்கு வேலையில்லாத கையை மறுபடியும் தலையணைமேல் நீட்டினார். ஏன் நீட்டினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

முதலில் ஒரு தோள் அசைந்தது. பிறகு இரண்டு கைகளும் முன்னால் வந்தன. கிளி அவற்றைத் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று உரசினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று உதடு மட்டும் எண்ணியது. பத்து வந்ததும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். போதவில்லை போலிருக்கிறது; தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் உரசினாள். பிறகு இரண்டு சூடான குட்டிக் கைகளையும், பூ வைப்பதுபோல, நிறைகுடத்தின் கைமேல் வைத்தாள்.

அப்பா அலமாரியைப் பார்த்தார். நிறைகுடம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன்னுடைய இன்னொரு கையையும் தூக்கி, தலையணைமேல் நீட்டி வைத்தார்.